வேட்பாளர் வாசலில் ஒரு சுங்கச் சாவடி!

குடவோலை கண்ட நாடு நம் நாடு என்று மேடைதோறும் முழங்குகிறோம். உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்டிருக்கும் கல்வெட்டைச் சான்று காட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே இட்டு ஊராள்வோரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம் என்று மார்தட்டுகிறோம். பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால், தோழர்களே, அந்தக் கல்வெட்டு முழுவதும் என்ன சொல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்தோம்?

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பட்டது அது. அந்தணர் ஊரொன்றின் சபைக்கு வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துரைப்பது. எவருடைய பெயரைக் குடத்தில் இடலாம் என்பதற்கு அங்கே தகுதிகள் அடுக்கப்பட்டுள்ளன. வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். சொந்த மனையிலே கட்டிய வீடு இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். இவற்றோடு, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். வேதமும் அதன் உரையும் ஓதி உணர்ந்தவனாயின் அரைக்கால் வேலி போதுமென்று ஒரு சலுகையும் உண்டு. ஏர் பிடித்தவன் பெயர் அந்தக் குடத்திலே விழுந்ததில்லை. நாற்று நட்டவள் பெயர் விழுந்ததில்லை. குடத்தை வனைந்த குயவன் பெயரும் விழுந்ததில்லை! குடம் இருந்தது, ஓலை இருந்தது, ஆயினும் குடத்தின் வாய், நிலம் உடையவனுக்கு மட்டுமே திறந்திருந்தது.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. இன்றைய அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். சட்டமன்றத்திலோ மக்களவையிலோ அமர விரும்புவோன் இந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். இருபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். நிலம் வேண்டுமென்று கேட்கவில்லை. மனை வேண்டுமென்று கேட்கவில்லை. படிப்பையும் கேட்கவில்லை. மாடியில் வாழ்பவனும் மண்குடிசையில் வாழ்பவனும் ஒன்றே என்று அரசியல் சட்டம் அறிவிக்கிறது. கேட்கும்போதே செவி குளிர்கிறது!

அந்தக் குளிர்ச்சியோடு தேர்தல் அலுவலரின் அறைக்குள் நுழைகிறான் ஓர் உழவுத் தொழிலாளி. வேட்புமனுவை நீட்டுகிறான். வாக்காளர் பட்டியலிலே அவன் பெயர் இருக்கிறது. வயது சரியாக இருக்கிறது. முன்மொழிந்தோர் கையொப்பங்கள் சரியாக இருக்கின்றன. எல்லாவற்றையும் சரிபார்த்த பின் ஒரு கேள்வி எழுகிறது: “பணம் எங்கே?” அங்கேதான், அரசியல் சட்டம் திறந்துவிட்ட கதவுக்கு முன்னால், ஒரு சுங்கச் சாவடி நிற்கிறது. ‘டெபாசிட்’ என்று ஊரார் வழங்கும் காப்புத் தொகை என்பது அதன் பெயர்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இந்தச் சாவடியை நிறுவியது. 1951இல் சட்டம் பிறந்தபோது மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250 ரூபாய். 1996இல் செய்த திருத்தம் அதை 10,000 ஆகவும் 5,000 ஆகவும் உயர்த்தியது. 2009இல் செய்த திருத்தம் மேலும் ஏற்றி, மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000 என்றாக்கியது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால் பணம் திரும்பும். இல்லையேல் அது அரசாங்கக் கருவூலத்துக்குப் போகும். இதைத்தான் ‘டெபாசிட் காலி’ என்று நாம் தெருத்தெருவாகப் பாடி மகிழ்கிறோம்.

பத்தாயிரம் ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்பாரும் உண்டு. ஒரு வேளை விருந்துக்கு அதற்கு மேல் செலவிடும் சீமான்கள் அப்படித்தான் கேட்பார்கள். நாம் வேறு அளவுகோலை எடுப்போம். 2024-25ஆம் ஆண்டில் நூறுநாள் வேலைத் திட்டத்திலே தமிழ்நாட்டுக்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியிலே ஒரு காசும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், சட்டமன்ற வேட்பாளராக 32 நாள் மண் சுமக்க வேண்டும். மக்களவை வேட்பாளராக 79 நாள் சுமக்க வேண்டும். ஆண்டுக்கு நூறுநாள் வேலை என்பது அன்றைய சட்டத்தின் வாக்குறுதி. அதில் எழுபத்தொன்பது நாள் உழைப்பை மேசைமேல் வைத்த பிறகே, “நானும் இந்நாட்டை ஆளத் தகுந்தவன்” என்று அவன் வாய்திறக்க முடியும். மன்னர் காலத்தில் கால் வேலி நிலம். மக்களாட்சிக் காலத்தில் கால் ஆண்டுக் கூலி!

1951இல் இருந்த 250 ரூபாயும் அந்நாளைக் கூலிக்கணக்கில் சிறு தொகையன்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேட்பாளரை ‘அபேட்சகர்’ என்று அழைத்த அந்த நாளிலே, ஏழைத் தொண்டனை நிறுத்த முனைந்த கட்சிகள் அணா அணாவாக உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது. ஆகவே இடையிலே ஏற்றிய தொகையை மட்டும் குறைத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று நான் வாதாட வரவில்லை. தொகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. மக்களின் நம்பிக்கையை அளப்பதற்குப் பணம் என்னும் படியை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் முதற்கேள்வி.

இந்தப் படியை நாம் செய்யவில்லை, பிரிட்டனிலிருந்து வந்தது. அதன் வரலாறு அறியத்தக்கது. 1710ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆங்கில நாட்டில் நிலத்திலிருந்து ஆண்டுக்கு 600 பவுன் வருமானம் உடையவனே மாவட்டத்தின் பிரதிநிதியாகலாம். 300 பவுன் உடையவன் நகரத்தின் பிரதிநிதியாகலாம். 1838இல் வெளியிட்ட மக்கள் சாசனத்தில் அந்நாட்டுத் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள். உறுப்பினராக வருபவனுக்குச் சொத்துத் தகுதி கூடாது என்பது அவற்றுள் ஒன்று. உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும் என்பது மற்றொன்று. சாசனம் ஏந்தியவர்கள் சிறை கண்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டபடி 1858இல் சொத்துத் தகுதி ஒழிந்தது. 1911இல் உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் வந்தது.

1918இல் ஒரு பெருஞ்சட்டம் பிறந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் அனைவருக்கும், முப்பது வயது நிரம்பிய, சிறிதேனும் சொத்துத் தகுதி உடைய பெண்டிர்க்கும் வாக்குரிமை வழங்கிற்று அது. சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைத் தொழிலாளியும் கூட்டம் கூட்டமாக வாக்குச் சாவடி நோக்கி நடக்கும் நாள் வந்தது. அதே சட்டத்தின் மற்றொரு பக்கத்திலேதான், ஒவ்வொரு வேட்பாளரும் 150 பவுன் கட்ட வேண்டும் என்றும், எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாவிட்டால் பணம் பறிபோகும் என்றும் எழுதினார்கள்! வாக்களிக்கும் வாயிலை அகலத் திறந்த கை, வேட்பாளர் வாயிலிலே தாழ்ப்பாளைப் பொருத்தியது. ‘வா, வந்து எங்களுள் ஒருவனைத் தேர்ந்தெடு, நீயே வந்துவிடாதே’ என்று சொல்வது போலல்லவா இருக்கிறது இது?

பிரிட்டனும் பின்னர் ஓரளவு இரங்கியது. 1985இல் தொகையை 500 பவுனாக உயர்த்தியபோது, எட்டில் ஒரு பங்கு என்றிருந்த அளவை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். நாமோ ஆறில் ஒரு பங்கை விட்டு அசையவில்லை. இதன் பொருளைக் கணக்கிலே பாருங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 2,10,000 செல்லத்தக்க வாக்குகள் பதிவாயின என்று கொள்வோம். ஆறில் ஒரு பங்கு 35,000. முப்பத்து நாலாயிரம் பேர், வெயிலிலே வரிசையில் நின்று, ‘இவனே எங்கள் ஆள்’ என்று ஒருவனுக்கு முத்திரையிட்டாலும், சட்டத்தின் பார்வையிலே அவன் பொழுதுபோக்குக்காக நின்றவன். அவன் பணம் பறிமுதல்! பிரிட்டனின் அளவுப்படி 10,500 வாக்கு வாங்கினாலே போதும்.

இனி எதிர்த் தரப்பின் வாதத்தைக் கேட்போம். ‘காப்புத் தொகை இல்லாவிட்டால் கண்டவரெல்லாம் மனுப்போடுவார்கள், வாக்குச்சீட்டு வீதி நீளத்துக்கு நீளும், தேர்தலே கேலிக்கூத்தாகும்’ என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்குச் சான்றாக அவர்கள் காட்டும் ஊர் நம்முடைய தமிழகத்திலேயே இருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சியைத்தான் சொல்கிறேன்.

1996 சட்டமன்றத் தேர்தலிலே, தங்கள் குறைகளைக் கேட்பாரில்லை என்று மனம் புழுங்கிய உழவர்கள் மொடக்குறிச்சியிலே கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர் எண்ணிக்கை 1,033! வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. அதே ஆண்டு நடந்த மக்களவைத் தேர்தலிலே, ஆந்திரத்து நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். கருநாடகத்துப் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். நாடெங்கும் மக்களவைக்கு நின்றவர்கள் 13,952 பேர். அந்த ஆண்டிலேயே தொகையை இருபது மடங்கு உயர்த்தும் சட்டம் வந்தது. 1998 மக்களவைத் தேர்தலிலே வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகச் சுருங்கியது. ‘பார்த்தீர்களா, மருந்து வேலை செய்தது!’ என்கிறார்கள்.

எண்ணிக்கை குறைந்தது உண்மை. நிர்வாகத்துக்கு நேர்ந்த தொல்லையும் உண்மை. அதை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. ஆயிரம் பெயருக்கிடையே தான் விரும்பும் பெயரைத் தேடி விழிக்கும் மூதாட்டியின் துன்பத்தையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், விலகிச் சென்ற ஒன்பதாயிரம் பேரும் யார்? வேடிக்கைக்கு நின்றவர்களும் அதிலே உண்டு. வேறு வழியின்றித் தன் ஊரின் குறையைச் சொல்ல நின்றவர்களும் உண்டு. இருவரையும் பிரித்தறியும் கண் பணத்துக்கு உண்டா? பத்தாயிரம் ரூபாயை வீசியெறிய வல்ல வேடிக்கைக்காரன் உள்ளே வருகிறான். ஐயாயிரத்துக்கு வழியற்ற ஊழியன் வெளியே நிற்கிறான். சல்லடையிலே சலித்தால் பதர் போக வேண்டும், மணி நிற்க வேண்டும். இந்தச் சல்லடையோ பதரா மணியா என்று பார்ப்பதேயில்லை. மடிகனத்தவனா, மடி வற்றியவனா என்றுதான் பார்க்கிறது.

மொடக்குறிச்சி உழவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய கட்டணத்திலே அவர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டியது ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபாய். அவர்களுள் 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. அப்படியானால் அவர்கள் தங்களுக்கே வாக்களித்துக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்! வெற்றி தேடி அவர்கள் வரவில்லை. கேளாச் செவியிலே ஓங்கி ஒலிக்க வந்தார்கள். அந்தக் கூக்குரலுக்கு ஆட்சி பீடம் தந்த மறுமொழி என்ன? ‘உங்கள் குறை என்ன?’ என்று கேட்பதைவிடக் ‘கட்டணத்தை ஏற்றுவோம்’ என்பதே எளிதாக இருந்தது.

சரி, கட்டணத்தை ஏற்றியதால் களம் தூய்மையாகிவிட்டதா? முதற் பொதுத்தேர்தலில், 1951-52இல், மக்களவைக்கு நின்ற 1,874 பேரில் காப்புத் தொகையை இழந்தவர் 745 பேர். நூற்றுக்கு நாற்பது. 2024ஆம் ஆண்டிலே நின்றவர் 8,360 பேர். இழந்தவர் 7,190 பேர். நூற்றுக்கு எண்பத்தாறு! தொகை ஐம்பது மடங்கு ஏறிய பிறகு, இழப்போர் விகிதமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. வெல்லும் வாய்ப்பற்றவரைத் தடுப்பதற்கென்று கட்டிய மதில், அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெயர்க் குழப்பத்தையும் அது தடுக்கவில்லை. 2024இலே இராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயருடைய வேறு சிலரும் மனுத் தாக்கல் செய்ததை நாடே வியந்து பார்த்தது. அங்கும் கட்டணம் 25,000 ரூபாய்தான். பணத்தால் செய்யத்தக்க குறும்பைப் பணத்தால் தடுக்க முடியாது. பூட்டுக்கு உரிய சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்துவிட்டு, வீட்டுக்காரனை வெளியே நிறுத்திய கதை இது.

உலகம் இதை எப்படிப் பார்த்தது? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, வாக்களிப்பதற்கே தலைவரி கேட்ட மாநிலங்கள் இருந்தன. கறுப்பின மக்களையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தி வைத்த வரி அது. 1964இல் அரசியல் சட்டத்தின் 24ஆவது திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் அதை ஒழித்தது. 1966இல் மாநிலத் தேர்தல்களிலும் அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்காளன் வாசலில் இருந்த சாவடி இடிந்த பின், வேட்பாளன் வாசலில் இருந்த சாவடி கண்ணுக்குத் தெரிந்தது.

டெக்சாஸ் மாநிலத்திலே, கட்சிக்குள்ளே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் நிற்பதற்கே கட்டணம் உண்டு. அந்தத் தேர்தலின் செலவைப் போட்டியிடுவோர் தலையிலேயே கட்டினார்கள். மாவட்ட அளவிலான ஒரு பதவிக்கு 6,300 டாலர் கேட்டார்கள். பணமில்லாதவனுக்கு வேறு வழியும் வைக்கவில்லை. 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது. நீதிபதிகள் கண்ட உண்மை இதுதான்: வேட்பாளனைத் தடுக்கும்போது அவனை மட்டுமா தடுக்கிறோம்? அவனுக்கு வாக்களிக்க விரும்பிய ஏழை மக்களின் உரிமையையும் சேர்த்தே தடுக்கிறோம். 1974இலே கலிபோர்னிய வழக்கொன்று வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சி மன்றத்துக்கு நிற்க 701 டாலர் 60 காசு கேட்டார்கள். கட்ட வழியில்லாத ஒருவர் வழக்காடினார். கட்டணம் வாங்குவதையே நீதிமன்றம் தடுத்துவிடவில்லை. ஆனால் ஏழைக்கு வேறொரு வழி வைக்காமல், அவனால் கட்ட முடியாத தொகையைக் கேட்பது சமநீதிக்கு மாறானது என்று கூறிற்று.

அயர்லாந்திலே 2001இல் உயர்நீதிமன்றம் காப்புத் தொகை முறை அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அதன்பின், கட்சி சாராதவர் முப்பது வாக்காளரின் ஒப்புதலோடு நிற்கும் வழி திறந்தது. கனடாவிலே 1,000 டாலர் காப்புத் தொகையை 2017இல் ஆல்பர்ட்டா நீதிமன்றம் செல்லாதென்றது. அதற்குப் பின் அங்கே நாடாளுமன்ற வேட்பாளருக்குப் பணம் வேண்டாம். பொதுவாக நூறு வாக்காளரின் கையொப்பம் போதும்.

கனடாவின் அனுபவத்திலே கசப்பும் உண்டு; அதையும் மறைக்கக் கூடாது. தேர்தல் முறையை எதிர்த்துப் போராடும் குழுவினர், 2024இல் டொரண்டோ நகர இடைத்தேர்தல் ஒன்றிலே 84 வேட்பாளர் பட்டியலாக வாக்குச்சீட்டை நீளச் செய்தார்கள். 2025இல் ஆல்பர்ட்டாவில் நடந்த இடைத்தேர்தலிலே எண்ணிக்கை 214 ஆயிற்று. எப்படி முடிந்தது? ஒரே வாக்காளர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கையொப்பமிடலாம் என்று சட்டம் விட்டுவைத்ததால் முடிந்தது. ஆகவே குற்றம் கையொப்பத்தின்மேல் இல்லை. ஒரே கையை நூறு கையாக எண்ணிய கணக்கின்மேல் இருக்கிறது.

இந்த இரு பாடங்களையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குரிய தீர்வு கிடைத்துவிடுகிறது. காப்புத் தொகை கட்ட இயன்றவர் கட்டட்டும். இயலாதவர், அல்லது கட்ட விரும்பாதவர், தம் தொகுதியைச் சேர்ந்த இருநூறு வாக்காளரின் கையொப்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். ஒரு வாக்காளர் ஒரே ஒரு வேட்பாளருக்குத்தான் அப்படிக் கையொப்பமிடலாம் என்று சட்டம் சொல்லட்டும். இது நம் சட்டத்துக்கு அந்நியமான கருத்தன்று. ஏற்பு பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்க்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்று 1996 திருத்தமே சொல்கிறது. குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்பவருக்கு ஐம்பது பேர் முன்மொழிய வேண்டும், ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும். ஆகவே ஆள் பலத்தை அளக்கும் கோல் சட்டத்தின் கையிலே ஏற்கெனவே இருக்கிறது. பணக் கோலுக்குப் பதிலாக அதை ஏன் எடுக்கக் கூடாது?

மொடக்குறிச்சியை வைத்தே சோதித்துப் பாருங்கள். 1,033 பேரும் ஆளுக்கு இருநூறு கையொப்பம், ஒருவர் இட்டதை மற்றவர்க்கு இடாமல், திரட்ட வேண்டுமென்றால் 2,06,600 வாக்காளர் வேண்டும். ஏறத்தாழ ஒரு சட்டமன்றத் தொகுதியே திரண்டு வந்து கையெழுத்திட்டாக வேண்டும்! வாக்குச்சீட்டு புத்தகமாகாது, அதே வேளையில், இருநூறு குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்ற ஏழை ஒருவனும் பணமில்லாக் குற்றத்துக்காக வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட மாட்டான். பணக்காரனாலும் கையொப்பத்தை விலைக்கு வாங்க முடியுமே என்பீர்கள். முடியும், வாக்கையே விலை பேசும் கொடுமை நடக்கும் நாட்டில், கையொப்பம் மட்டும் தப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணக்காரனுக்கு இன்று எந்தத் தடையும் இல்லை. நாளையும் அவனுக்குப் புதிய வழி எதுவும் பிறந்துவிடாது. ஏழைக்குத்தான் புதிதாக ஒரு வழி பிறக்கும்.

‘சாவடியைத் தாண்டிவிட்டால் மட்டும் ஏழை வென்றுவிடுவானா? 2022இல் உயர்த்திய வரம்புப்படி, பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 இலட்சம் வரை செலவிடலாமே! அந்த வெள்ளத்திலே பத்தாயிரம் ஒரு துளியல்லவா?’ என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. நல்ல கேள்வி. நாற்பது இலட்சம் என்பது செலவிடத்தக்க உச்ச வரம்பு. செலவிட்டே தீர வேண்டும் என்ற கட்டளையன்று. காலால் நடந்து, கைப்பட எழுதி, தெருமுனையிலே நின்று பேசி வாக்குக் கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. சுவரொட்டி இல்லாமல் நிற்கலாம். ஊர்தி இல்லாமல் நிற்கலாம். காப்புத் தொகை இல்லாமல் மட்டும் நிற்க முடியாது. மற்றச் செலவெல்லாம் பணக்காரன் பெறும் முந்துரிமை. இந்தச் செலவோ ஏழைக்கு இடும் தடை. ஓட்டப் பந்தயத்திலே ஒருவன் குதிரைமேல் வருவது அநீதி. நடந்து வருபவனைக் களத்துக்குள்ளேயே விடமாட்டோம் என்பது அதனினும் பெரிய அநீதி.

இவ்வளவும் அரசாங்கத்தை நோக்கிச் சொன்னேன். இனிச் சொல்வது நம்மை நோக்கி.

டெக்சாஸ் வழக்கு கட்சிக்குள் வாங்கிய கட்டணத்தைப் பற்றியது என்று சொன்னேனே, அதைக் கடந்து போய்விடாதீர்கள். அரசாங்கத்தின் சாவடிக்கு முன்னால், ஒவ்வொரு கட்சி அலுவலகத்தின் வாயிலிலும் மற்றொரு சாவடி இருக்கிறது. ‘விருப்ப மனுக் கட்டணம்’ என்பது அதன் பெயர். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, தமிழகத்துப் பெருங்கட்சிகள் விருப்ப மனுவோடு வாங்கிய கட்டணம் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய் வரை சென்றது. அரசாங்கம் கேட்ட தொகையோ 10,000. அதுவும் ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்கினால் திரும்பி வரும்! அரசைவிடக் கடுமையான சுங்கம் வாங்கிக்கொண்டு, அரசின் சுங்கத்தைக் கண்டிக்கும் தகுதி எந்தக் கட்சிக்கு உண்டு?

கட்சி நடத்தப் பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். பெருமுதலாளிகளின் பணப்பையை நம்பாத கட்சி, தொண்டர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எல்லாத் தொண்டரிடமும் சிறுகச் சிறுகப் பெறும் நன்கொடை வேறு. வாய்ப்புக் கேட்பவனிடம் வாசலிலே பெறும் கட்டணம் வேறு. முன்னது குடும்பச் செலவுக்கு ஒவ்வொருவரும் தரும் பங்கு. பின்னது பந்தியில் உட்காருவதற்கு வாங்கும் சீட்டு. கொடி பிடித்தவன், சுவரொட்டி ஒட்டியவன், தடியடி பட்டவன், சிறை சென்றவன் — அவன் பெயரை நேர்காணலுக்கு எழுதுவதற்கே பணம் வேண்டுமென்றால், கட்சியிலும் கால் வேலி நிலம் கேட்கிறோம் என்றுதான் பொருள்.

ஆகவே கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். நூறு உறுப்பினர் கையொப்பமிட்டு ஒரு தோழரைப் பரிந்துரைத்தால், அவருக்கு விருப்ப மனுக் கட்டணம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றி மேலே அனுப்புங்கள். நாட்டுக்கு நாம் வேண்டும் சட்டத்தை முதலில் நம் வீட்டிலே நடத்திக் காட்டுவோம். பிறகு நாடாளுமன்றத்திலே 34ஆவது பிரிவைத் திருத்தக் கேட்போம். அப்போது நம் குரலுக்கு எடை இருக்கும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். வாக்கு எண்ணிக்கை முடிந்த மாலையிலே, எதிரணியின் பெருந்தலைவர் காப்புத் தொகை இழந்தால் பட்டாசு வெடியுங்கள்; அது அரசியல். ஆனால் அதே பட்டியலின் அடியிலே, அண்டை அயலாரிடம் சில்லறை சேர்த்துக் கட்டி, முந்நூறு வாக்கு வாங்கி, அத்தனையும் இழந்த ஒரு மனிதன் பெயரும் இருக்கும். அவனைப் பார்த்து ‘டெபாசிட் காலி’ என்று கை கொட்டாதீர்கள். அவன் இழந்த பணம் முந்நூறு பேரின் நம்பிக்கைக்கு அரசு விதித்த தண்டம். குடத்தின் வாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று நம்பி, தன் ஓலையோடு வந்தவன் அவன். அந்த நம்பிக்கையை மெய்யாக்குவது, தோழர்களே, நம் கடன்.